நாற்பத்திரண்டு வயதில் அறுபதாம் கல்யாணம்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்களுடைய நான்காவது பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பலகை நிறையச் சிவப்பு விளக்குகள்.

"என்னங்க இது, சினிமா ஷூட்டிங்கா?"

நான் கூச்சத்தில் குனிந்து பெட்டியின் பூட்டைப் பார்த்தேன். பாஸ் வேறு பக்கம் பார்த்தார். பாஸின் மனைவி காஞ்சனா அம்மாதான் பதில் சொன்னார். "தினம் பத்து நிமிஷம் அவரு அது முன்னாடி நிப்பாருங்க. வயசு குறையுமாம்."

அதிகாரி பாஸை மேலும் கீழும் பார்த்தார். கடவுச்சீட்டைத் திறந்து பிறந்த வருடத்தைப் பார்த்தார். மறுபடி ஆளைப் பார்த்தார். "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. போங்க" என்று பெட்டியை மூடிவிட்டார். பாஸ் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

என் பெயர் மணியம். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ரத்தினம் பாஸ் வீட்டில் எட்டு வருடமாக வேலை. முதலில் கார் ஓட்டினேன். நான்கு வருடமாக என் வேலை அளப்பது. பாஸ் சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் வைத்து, கிராம் பார்த்து, ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவித்த கீரை முந்நூறு கிராம். பருப்பு நூற்றிருபது. வால்நட் ஏழு. மாத்திரைகள் நாற்பத்தொன்று. காலை நாலு மணிக்கு எழுவார். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் ஆறு நிமிடம் உட்காருவார். பகல் பதினோரு மணிக்கு மேல் ஒரு பருக்கை தொடமாட்டார். இரவு எட்டரைக்குக் குளிரூட்டிய இருட்டறையில் தனியாகப் படுத்துவிடுவார். விரலில் ஒரு மோதிரம். அது அவர் தூங்குகிறாரா, புரளுகிறாரா என்று போனுக்குச் சொல்லும்.

பாஸுக்குக் கடவுச்சீட்டில் அறுபது முடிகிறது. ரத்தப் பரிசோதனையில் உடல் வயது நாற்பத்திரண்டு. அவரைப் போல வசதியுள்ள ஐந்து பேர் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை எல்லாரும் உடல் வயதைப் போடுவார்கள். முப்பத்தொன்பதோடு முதலில் இருப்பவர் ஜகார்த்தாக்காரர். பாஸ் இரண்டாவது. அந்த ஜகார்த்தாக்காரர் திருவண்ணாமலைக்கு வந்து ஒரு வாரம் மலையை வெறுங்காலில் சுற்றினாராம், இதயத் துடிப்பு நன்றாகக் குறைந்ததாம். அதனால்தான் நாங்கள் கிளம்பினோம்.

பாஸ் மலைக்காக வந்தார். அம்மா வேறொன்றுக்காக வந்தார். அதை விமானத்தில், பாஸ் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிறகு, எனக்கு மட்டும் சொன்னார்.

காஞ்சனா அம்மா திருவண்ணாமலைப் பக்கம் கீழ்பென்னாத்தூரில் பிறந்தவர். கல்யாணமாகி மலேசியா வந்தவர். அவருடைய அண்ணன் இப்போது வேங்கிக்காலில் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை பாஸுடைய பிறந்த நட்சத்திரம். அன்றைக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

"நாலு வருஷமா அவரு ஒரு தட்டு, நான் ஒரு தட்டு. நீதான ரெண்டையும் தூக்கினு போற, உனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஒரு நாளாவது என் பக்கத்துல உக்காந்து ஒரு எலை சாப்புடட்டும் மணியம். அது போதும்."

எனக்குத் தெரியும். பாஸின் தட்டு காலை பத்தரைக்குப் போகும். அம்மாவின் தட்டு பகல் ஒன்றரைக்குப் போகும். இரண்டும் ஒரே மேசைக்குத்தான்.

திங்கட்கிழமை மதியம் திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம். ஊர் வருவதற்கு வெகுநேரம் முன்பே மலை வந்துவிட்டது. எங்கள் பத்துமலையில் படியேறிப் போனால்தான் சாமி. இங்கே மலையே சாமி, யாரும் ஏற வேண்டாம், சுற்றி வந்தால் போதும் என்கிறார்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு வீடு எடுத்திருந்தோம். பெட்டிகளைப் பிரித்து சிவப்பு விளக்கை மாட்டி, பாஸ் அதன் முன்னால் போய் நின்றதும் மின்சாரம் போனது. ஒரு மணி நேரம் வரவில்லை. பாஸ் மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் நின்றார். "மணியம், வெயிலுக்கு எத்தனை நிமிஷம் கணக்கு?" என்று மேலிருந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்து என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை என்னை ஐஸ் வாங்க அனுப்பினார்கள். ஆட்டோக்காரர் பெயர் சம்பத். மீன் கடைகளுக்கு ஐஸ் போடுகிற இடத்துக்கு அழைத்துப் போனார். மூன்று பாளம் வாங்கி, சாக்கில் சுற்றி ஏற்றினோம். திரும்பும் வழியில் ஒரு கல்யாண வேனும் பஸ்ஸும் நேருக்கு நேர் நின்றுகொண்டன. இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேச ஆரம்பித்தார்கள். என் காலடியில் தண்ணீர் ஓடியது.

"எதுக்கு சார் இவ்ளோ ஐஸ்? விசேஷமா?"

கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். சம்பத் சிரிக்கவில்லை. திரும்பி, ஒழுகுகிற சாக்கைப் பார்த்தார்.

"ஐஸ்ல உக்காந்தா வயசு கம்மியாவுதுனா, மீன் மார்க்கெட்டுல இருக்கறவங்கள்லாம் இந்நேரம் கைக்கொழந்தையா இல்ல சார் இருக்கணும்?"

வீடு போய்ச் சேர்ந்தபோது பாதி ஐஸ்தான் மிச்சம். அதிலும் மீன் வாடை. பாஸ் ஆறு நிமிடமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடாப்பிடியான மனிதர். அதை நான் எப்போதும் மதிப்பேன்.

இடையில் எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தது. சம்பத் காட்டிய சின்னக் கடையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாயும் பால் கலந்த கோப்பியும்தான் என் வழக்கம். இங்கே காபி சின்ன டம்ளரில் நுரையோடு வருகிறது. இரண்டு மடக்கில் தீர்ந்துவிடுகிறது, ஆனால் நாக்கில் வெகுநேரம் நிற்கிறது. பொங்கலில் நெய் மிதந்தது. எத்தனை கிராம் இருக்கும் என்று என் கை தானாகக் கணக்குப் போட்டது. வெட்கமாகப் போய், கணக்கை விட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

பக்கத்து மேசையில் பருத்திச் சேலை கட்டிய வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். "நான் முதன்முதலில் இங்கே வந்தபோது என் முட்டி வலித்தது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் வலிக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்." அந்தப் பெண் இதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கும் என் வேலை போல இருக்கிறது.

புதன்கிழமை வேங்கிக்காலுக்குப் போனோம். அம்மாவின் அண்ணன் ஏழுமலை உரக்கடை வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டவர். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார்.

"வாங்க மாப்ள. ஒரு காபி?"

"பதினொண்ணு தாண்டிருச்சு மச்சான்."

"தண்ணியாவது குடிப்பீங்களா, இல்ல அதையும் எடை போடணுமா?"

தண்ணீரை எடை போடுவதில்லை, மில்லியில் அளப்போம். நான் சொல்லவில்லை.

உள்ளே ஓர் ஐயர் உட்கார்ந்திருந்தார். தற்செயலாக வந்தவர் போல முகத்தை வைத்திருந்தார். காபி குடித்து முடித்து, பாஸின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். பாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயரே, அறுபது பாஸ்போர்ட்டுல. ரத்தத்துல நாப்பத்திரண்டு. ரிப்போர்ட் இருக்கு."

"இருக்கட்டுமே" என்றார் ஐயர். "நீங்க பொறந்தது விசுவாவசு வருஷம். அறுபது வருஷமும் ஒரு சுத்து சுத்திட்டு, அதே விசுவாவசு திரும்ப வந்திருக்கு. அதே மாசம், அதே நட்சத்திரம். பழைய கணக்கு முடிஞ்சுது. இனிமே எண்ணறது ஒண்ணுலேந்துதான். நீங்க நாப்பத்திரண்டுங்கறேள். நான் ஒண்ணுங்கறேன். யார் சொல்றது கம்மி?"

ஏழுமலை தொடையில் தட்டிச் சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை.

"மைக்குல அறுபது அறுபதுன்னு சொல்லுவீங்க. மாலை போட்டு போட்டோ எடுப்பீங்க. அது எங்கெங்கயோ போகும். எனக்கு வேணாம்."

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். கத்தரிக்காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அவர் பேசவில்லை. பேசாததைப் பாஸும் கவனிக்கவில்லை. அவர் மோதிரத்தின் கணக்கைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அம்மா என்னிடம் வந்தார். மறுநாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் பாஸ் செய்ய வேண்டியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுவது என் வேலை. பாஸ் அந்தத் தாளைக் கேள்வி கேட்காமல் செய்வார்.

"வெள்ளிக்கெழம காலைல ஒம்போதரைக்குக் குளிர்நீர்னு போடு. எடம் வேங்கிக்கால்னு போடு."

நான் தயங்கினேன்.

"பொய் இல்ல மணியம். கொடத்துல தண்ணி ஊத்தத்தான போறாங்க. அங்க வந்து பாத்துட்டு அவரு திரும்பிப் போனாலும் போகட்டும். நான் கூப்புட்டேன்னு இருக்கும்."

எழுதினேன். நான்கு வருடத்தில் அந்தத் தாளில் நான் எழுதிய முதல் கள்ளத்தனம் அது. கையெழுத்துக் கோணிவிட்டது.

வியாழக்கிழமை விடியற்காலையில் பாஸ் மலை சுற்றக் கிளம்பியபோது, தானும் வருவேன் என்று அம்மா செருப்பைக் கழற்றி வைத்தார். முட்டி வலி உள்ளவர், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் என்றார். பாஸ் முன்னால் வேகமாக நடந்தார். அம்மா பின்னால். நான் நடுவில் தண்ணீர் பாட்டிலோடு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. தார்ச்சாலை இரவுக் குளிர்ச்சியோடு இருந்தது. காவி கட்டிய சாமியார்கள் ஓரமாக வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் மலை கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை மாற்றிக்கொண்டே வந்தது.

குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயில். சின்னக் கல்கட்டடம். பின்புறம் ஒரு துவாரம், முன்புறம் ஒரு துவாரம். பின்னால் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து, வளைந்து முன்னால் வெளியே வர வேண்டும். வந்தால் உடம்பு வலி தீரும், மறுபிறவி கிடையாது என்கிறார்கள். பார்த்தால் ஒரு பூனை போகலாம் போலத்தான் இருக்கிறது.

பாஸ் உள்ளே போனார். நான் பத்து எண்ணி முடிப்பதற்குள் வெளியே வந்து தூசியைத் தட்டினார். நான்கு வருடக் கீரை வீண் போகவில்லை. எதிரே எலுமிச்சை ஜூஸ் வண்டி வைத்திருந்த பெண், நல்ல வாட்டசாட்டமானவர், இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் திரும்பினார்.

"உங்க தம்பி சர்ருனு வந்துட்டாரும்மா. நீங்களும் போங்க. பயப்படாதீங்க, நானே போய்ட்டு வந்துக்கீறேன்."

பாஸின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தார். இதை நோட்டில் குறித்துக்கொள் என்கிற பார்வை. பழக்கத்தில் நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஆமாம்மா. தம்பிதான். சின்னதுல இருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

பாஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் பேனாவைப் பையில் வைத்தேன்.

அம்மாவின் கை முதலில் தெரிந்தது. வளையல்கள் கல்லில் உரசின. பிறகு தலை தெரிய வேண்டும், தெரியவில்லை. ஒரு நிமிடம் ஆனது. உள்ளிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் நின்றவர்கள் "என்னாச்சு, என்னாச்சு" என்றார்கள். "வர முடியலம்மா" என்று அம்மாவின் குரல் கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பாஸ் தரையில் குப்புறப் படுத்தார். அந்த மண்ணில், அந்தத் தூசியில். துவாரத்துக்குள் தோள்வரை கையை விட்டார்.

"காஞ்சனா. மூச்ச விடு. முழுசா விடு. ஒருக்களி. என் கையப் புடி."

ஜூஸ் கடைப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாப்பா இது, அக்காவ பேரு சொல்லியா கூப்புடுவ?"

"அக்கா இல்லம்மா. என் பொண்டாட்டி."

"அய்ய. அப்ப ஏம்மா தம்பினு சொன்ன?"

கல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவரத்தான் கேக்கணும்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பெண் விடவில்லை. குனிந்து பாஸின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னா வயசு ஆவுது?"

பாஸின் கன்னம் தரையில் இருந்தது. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார்.

"அறுபதும்மா. அறுபது. கொஞ்சம் பின்னாடி போய் அவங்க கால உந்தி விடுறியா?"

அந்தப் பெண் ஓடினார். உந்தினார்கள், இழுத்தார். அம்மா வெளியே வந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, முடியெல்லாம் தூசி. இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அம்மா முதலில் சிரித்தார். பாஸ் வெகுநேரம் அவர் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மலையை முழுதாகச் சுற்றவில்லை. சம்பத்தைக் கூப்பிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினோம்.

மத்தியானம் பாஸ் சுவரில் இருந்த தாளின் முன்னால் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை குளிர்நீர். வேங்கிக்கால்ல என்னா குளிர்நீர் மணியம்?"

என் காது சூடானது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவைத் திட்டாதீர்கள், எழுதியது என் கைதான் என்றும் சொன்னேன். எட்டு வருடத்தில் பாஸிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவர் தாளில் அந்த வரியை விரலால் தொட்டார்.

"தண்ணி எத்தனை டிகிரி?"

"கிணத்துத் தண்ணி பாஸ். அளக்கல."

"சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை வேங்கிக்காலில் சின்ன மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். ஐயர் பாஸின் வலது கையைப் பிடித்தார். "இந்த மோதிரத்தைக் கழட்டுங்கோ. பவித்ரம் இந்த விரல்லதான் போடணும்." பவித்திரம் என்பது தர்ப்பைப் புல்லை முறுக்கிச் செய்த வளையம். குளிக்கும்போதுகூடக் கழற்றாத மோதிரத்தைப் பாஸ் கழற்றி என்னிடம் கொடுத்தார். தொலைந்துவிடும் என்று பயந்து நான் என் விரலில் போட்டுக்கொண்டேன்.

இருவரையும் மணையில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் சல்லடை பிடித்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். ஏழுமலை என் கையிலும் ஒரு சொம்பைக் கொடுத்துவிட்டார். "நீயும் ஊத்துப்பா. தினம் அவருக்குத் தண்ணி அளக்கறவன் நீதான?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவசரமாக ஊற்றினேன். பாதி என் சட்டையில். பாஸ் கண்ணை மூடி, ஐஸ் தொட்டியில் உட்காருவது போல ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் குளிரில் நடுங்கினார். அதைப் பார்த்துப் பாஸ் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். மறுபடியும் தாலி கட்டினார். மைக்கில் அறுபது என்றுதான் சொன்னார்கள். பலமுறை சொன்னார்கள்.

பந்தி போட மணி பன்னிரண்டேகால். பதினோரு மணி எப்போதோ போய்விட்டது. நான் பையில் தராசோடு தூணோரம் நின்றேன். பாஸ் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். சோறு, சாம்பார், அரை வடை, ஒரு கரண்டி பாயசம். அவ்வளவுதான் சாப்பிட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இலையைப் பார்த்தபடி, ஒவ்வொரு கவளமாக, முடிந்துவிடப் போகிறதே என்பவர் போல மெதுவாகச் சாப்பிட்டார். பந்தி முழுக்க எழுந்துபோன பிறகும் அந்த இரண்டு இலை மட்டும் இருந்தன.

மாலையோடு எடுத்த படத்தைப் பாஸே குரூப்பில் போட்டார். கீழே "உடல் வயது 1" என்று எழுதினார். ஜகார்த்தாக்காரர் உடனே கேட்டிருந்தார்: "எந்த மருந்து?" பாஸ் பதில் போடவில்லை. ஆனால் போனை இரண்டு முறை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் நெற்றியைச் சுருக்கினார். "மணியம், காலைல பத்து மணிக்கு என் இதயம் ஏன் இப்படி அடிச்சிருக்கு? பயந்துபோன மாதிரி?" நான் விரலைக் காட்டினேன். எல்லாரும் பார்க்க நான் சொம்பைப் பிடித்த நேரம் அது.

சனிக்கிழமை கிளம்பும் நாள். நாலு மணிக்கு எழுந்தார். நாற்பத்தொரு மாத்திரை விழுங்கினார். மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். கீரை முந்நூறு கிராம் சரியாக அளந்தேன். ஒரு நாள் என்றுதான் அம்மா கேட்டிருந்தார். ஒரு நாள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செஞ்சிச் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது அம்மா காரை நிறுத்தச் சொன்னார். பாதையோரம் ஒரு பெண் பெரிய குண்டானில் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கச்சாங் என்போம். இங்கே மல்லாட்டை என்கிறார்கள். தோலோடு, உப்புப் போட்டு, ஆவி பறக்க. அம்மா காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்து உரிக்க ஆரம்பித்தார். வண்டி கிளம்பியது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. பின்கண்ணாடியில் மலை இன்னும் தெரிந்தது.

முன்னிருக்கையில் இருந்த நான், நடுக்கண்ணாடியில் பார்த்தேன். அம்மா நாலைந்து கடலை உரித்தார். உரித்ததை உள்ளங்கையில் வைத்து ஓரமாக நீட்டினார். பாஸ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கை மறுபடி நீண்டது.

தராசு பெட்டியில், பெட்டி வண்டியின் பின்னால். நோட்டை எடுத்து எழுதினேன். மாலை 4.10. மல்லாட்டை. கிராம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று யோசித்து, கடைசியில் எழுதினேன்: அம்மா கையால் ஒரு பிடி.